கோபத்தை இறக்கி வைத்தவர்

சண்டைச் சத்தம் காதில் விழுந்தால் நஸீமா முதலில் செருப்பைக் கழற்றிவிடுகிறார். காரிமங்கலம் சந்தையில் அவருடைய பிளாஸ்டிக் குடக் கடைக்கு எதிரே, தக்காளி வியாபாரிகள் இரண்டு பேர் இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே தக்காளி மிதிபட்டுச் சேறாகிக் கிடக்கிறது. அதில் வெறுங்காலோடு போகிறாரே என்று நமக்குத்தான் கூசுகிறது. கேட்டால், "செருப்புக் காலோட வேகமா போனா அடிக்கத்தான் வர்றேன்னு நெனச்சுக்குவாங்க" என்கிறார்.

போனவர் நடுவில் புகுந்து விலக்குவதில்லை. யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற திசையையே பார்த்தபடி நின்றுகொள்கிறார், ஏதோ அவர் கட்சிக்கு ஆள் சேர்ந்த மாதிரி. பிறகு கேள்விகள். "நீங்க மொத எங்க நின்னீங்க? கூடை எந்தப் பக்கம் இருந்துது? அப்ப வெயிலு மூஞ்சில அடிச்சுதா, முதுகுலயா?" வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று யோசிக்கத் தொடங்கிய மனிதரால் அதே வேகத்தில் கெட்ட வார்த்தை பேச முடிவதில்லை. சட்டையைப் பிடித்த கை தானாகத் தளர்ந்துவிடும். நியாயம் யார் பக்கம் என்று மட்டும் நஸீமா சொல்லவே மாட்டார். "அதுக்கு ஆபீசருங்க இருக்காங்க. சூட்டை எறக்கி வைக்கறதோட என் வேலை சரி."

வீட்டிலும் இதே கதைதான். கணவர் காசிமுக்கு இது பெரிய குறை. "கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு சண்டையக்கூட முழுசா போட வுட்டதில்லீங்க. பாதியிலயே எனக்கு மறந்து போவுது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் முறையிடுவார்.

ஊரில் கோயில் தேரும் தர்கா சந்தனக்கூடும் அடுத்தடுத்து வந்தால் அமைதிக் கூட்டத்துக்கு நஸீமாவுக்கு அழைப்பு வரும். முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலி தனக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் மறைப்பதில்லை. மறைக்கத் தோன்றாததால்தான், பிற்பாடு நடந்ததையும் அவரால் எதன் பின்னாலும் ஒளிக்க முடியவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு கிராமம். பக்கத்துக் கல்குவாரியில் வைக்கிற வெடிக்கு வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. போர்வெல்லில் தண்ணீர் கீழே கீழே போய்விட்டது. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் நஸீமாவிடம் குடம் வாங்குகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குடங்களையே வரிசையாக ரோட்டில் வைத்து மறியலில் உட்கார்ந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆட்கள் வந்திருந்தார்கள். கலெக்டர் வந்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் நஸீமாவுக்குப் போன் போட்டார்.

முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவள் தீர்த்தம்மாள். நஸீமா போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். எந்தச் சுவர் முதலில் வெடித்தது, அப்போது அடுப்பில் என்ன இருந்தது, குழந்தை எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தீர்த்தம்மாள் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் உடைந்து அழுதாள். அவள் அழுததும் கூட்டமே அழுதது. அழுது முடித்தவர்களுக்குக் கத்தத் தெம்பில்லை. பேச்சுவார்த்தை வைக்கிறோம் என்று ஓர் அதிகாரி சொன்னார். சரி என்று குடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். "ஒரு லத்தி தூக்காம முடிச்சுக் குடுத்துட்டீங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் கும்பிட்டார். ரோடு திறந்ததும் முதலில் போனது கல் ஏற்றிய லாரி. டிரைவர் நஸீமாவைப் பார்த்துக் கையாட்டினார். நஸீமாவும் ஆட்டினார்.

பேச்சுவார்த்தை தள்ளிப்போனது, பிறகு காணாமலே போனது. வெடி நிற்கவில்லை. தீர்த்தம்மாள் மறுபடி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "அதான் அன்னிக்கே பேசி முடிச்சாச்சே" என்றார்கள். ஒரு முறை ஆறிப்போன ஊரை மறுபடி திரட்டுவது லேசில்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு.

இதெல்லாம் நஸீமாவுக்கு உறைத்தது தருமபுரியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில். சமூக சேவை செய்கிறவர்களுக்கு மனசைக் கையாளும் பயிற்சி. நிர்மலா என்கிற ஆசிரியை, பக்கத்தில் நிற்பது, விவரம் கேட்பது, அழ விடுவது என்று நஸீமா செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். நஸீமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் நிர்மலா சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு கூட்டத்தை அமைதிப்படுத்தறதுக்கு முன்னாடி உங்களையே ஒண்ணு கேட்டுக்குங்க. இவங்க இப்ப அமைதியாயிட்டா யாருங்க நிம்மதியா தூங்குவாங்க?" எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நஸீமாவால் எழுத முடியவில்லை. "அந்த லாரிக்காரன் கையாட்டுனதுதான் கண்ணுல நின்னுது. நானும் பல்லக் காட்டிக்கிட்டு ஆட்டுனனே" என்று சொல்லும்போது இப்போதும் அவர் முகம் சுருங்குகிறது.

மறுநாளே தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனார். மன்னித்துவிடு என்றார். தீர்த்தம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிப்பு எதுக்குங்க பாயம்மா? அன்னிக்கு எங்க சனங்க கோவத்த எறக்கி வெச்சீங்களே, அத எங்க வெச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க போயி எடுத்துக்கறோம்."

ஊரெல்லாம் நெருப்பை அணைத்தவருக்குப் பற்றவைக்கத் தெரியவில்லை. சந்தை இல்லாத நாட்களில் தீர்த்தம்மாளோடு அவரும் வீடு வீடாகப் போகிறார். யாராவது ஒருத்தி இடுப்பில் கை வைத்து, "எங்க சொவத்துக்கு எவன் பதில் சொல்றது?" என்று குரலை உயர்த்தினால் போதும், நஸீமாவின் வாய் அவரைக் கேட்காமலே, "சரிம்மா, சரிம்மா, மொத தண்ணி குடி" என்றுவிடுகிறது. அவளும் குடித்துவிட்டுக் குளிர்ந்து போகிறாள். தீர்த்தம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "நீங்க வாயத் தொறந்தாவே எல்லாம் ஆறிப்போவுது. பேசாம கூட வாங்க."

போன திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். கைவிரலில் எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். இன்ஸ்பெக்டர் நஸீமாவைப் பார்த்ததும் பழைய மரியாதையோடு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "இதுக்கு நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டு வந்தீங்க? இந்தக் கொஞ்ச பேர சமாதானப்படுத்த நாங்களே போதும்." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று உட்கார்ந்த ஊர் முழுவதும் எங்கே போயிற்று என்று அந்த வாசலில் இருந்தவர்களிலேயே நஸீமாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாற்காலியைத் தாண்டிப் போய் வரிசையின் கடைசியில், தீர்த்தம்மாளுக்கு அடுத்து, தரையில் உட்கார்ந்தார்.

"மூடு மூடு, குவாரிய மூடு!" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். நஸீமாவும் கொடுத்தார். விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளச் சொல்வது மாதிரி வந்தது அவர் குரல். இரண்டு பேர் முந்தானைக்குள் சிரித்தார்கள். ஆனாலும் அடுத்த முறை மற்றவர்களைப் போலவே கையை மடக்கி உயர்த்தினார். கட்டைவிரல் உள்ளே போய், மற்ற நாலு விரலும் அதை மூடிக்கொண்டிருந்தன, கைக்குழந்தையின் கை மாதிரி.

தீர்த்தம்மாள் ஆபீஸ் கதவைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தவில்லை. நஸீமாவின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் எட்டிப் பிடித்துக் கீழே இழுத்து, விரல்களைப் பிரித்து, கட்டைவிரலை வெளியே எடுத்து மேலே அழுத்தி மடக்கி, மறுபடி உயரத் தூக்கிவிட்டாள்.