கடைவாய்ப்பல் ஆடிய ஆறு ஆட்டங்கள்

பிளாஸ்டரை அச்சில் ஊற்றி, காற்றுக் குமிழி வெளியேற மேசையில் நாலு தட்டுத் தட்டி, ஓரமாக வைத்தாயிற்று. இனிப் பத்து நிமிடத்துக்கு அதை அசைக்கக் கூடாது. அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தூசி படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருக்கும் ஃபோனை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார். ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்த செஸ் ஆட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து. பிளாஸ்டர் இறுகும்போது யாரோ ஒருவருடைய ராஜாவும் இறுகிப்போயிருப்பார்.

"இன்னிக்கு யாருக்கா?" என்று பக்கத்து மேசையிலிருந்து கேட்பேன்.

"யாரோ குளிர்நாட்டு ஆளு. குதிரைய ஒரு எடத்துல உக்கார வைக்க மாட்டேங்கறாரு. பாவம், அதுக்குக் கால் வலிக்கும்."

எங்களுடையது பல் செட் தயாரிக்கும் லேப். மொத்தம் ஏழு பேர். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வாங்கி, மாதிரி வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, சுட்டு, தேய்த்து அனுப்புவோம். மெழுகு வேலை எனக்கு. வார்ப்பதும் கடைசியில் தேய்த்து மெருகேற்றுவதும் அக்காவுக்கு. நாற்பத்தேழு வயது. காதோர முடியில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். அதனால் நரை எது, பிளாஸ்டர் எது என்று யாருக்கும் தெரியாது. "தெரியாம இருக்கறதுதான் நல்லது" என்பார்.

செஸ் தளத்தில் அக்காவின் பெயர் 'கடைவாய்ப்பல்'. இரண்டாயிரத்து நூறுக்கு மேல் புள்ளிகள். அந்த உயரத்தில் ஆடுகிறவர்கள் பலரும் சின்ன வயதிலிருந்தே பயிற்சியாளரிடம் போனவர்கள். அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அண்ணன் மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. அண்ணனுக்குத் தோற்றால் பொறுக்காது, பலகையைப் புரட்டிவிட்டுப் போய்விடுவாராம். ஆட்டம் நீடிக்க வேண்டுமானால் அவரே ஜெயிப்பதுபோல் ஒரு தோற்றம் இருந்தாக வேண்டும். "கடைசி அஞ்சு நிமிஷம் வரைக்கும் அவன் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். அப்படித்தான் ஆடிப் பழகினேன்" என்றார் அக்கா.

இன்றைக்கும் ஆட்டம் அப்படித்தான். எதிராளி ராணியைக் கூட்டிக்கொண்டு படையெடுத்து வருவார். அக்கா விட்டுவிடுவார். ஒரு சிப்பாய் போகும், அதற்கும் 'உச்' கொட்டமாட்டார். பலகையின் ஓரத்தில் எவரும் கவனிக்காத ஒரு சிப்பாய் மட்டும் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டிருக்கும். எதிராளி நிமிர்ந்து பார்க்கும்போது அது ராணியாகப் பட்டம் சூட இரண்டே கட்டம் பாக்கி இருக்கும். ராணிகள் வெட்டுப்பட்டு, பலகையில் நாலைந்து காய்கள் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் அக்காவை அசைப்பது கஷ்டம்.

குறையும் இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கம் அக்காவுக்கு வாசல் தெளிப்பது மாதிரி, சடசடவென்று முடித்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அந்த அவசரத்தில் பத்து நகர்த்தலுக்குள் ஒரு மந்திரியைப் பறிகொடுத்த நாட்களும் உண்டு. இன்னொரு குறை அதைவிடப் பெரியது. ஜெயித்துவிட்ட ஆட்டத்தை முடிக்க மனசு வராது. ஒரு ராணி போதும் என்கிற இடத்தில் இரண்டாவது ராணியும் வாங்குவார். ராஜாவை எந்த மூலையில் மடக்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யோசிப்பார். அதற்குள் கடிகாரம் ஓடிவிடும். அல்லது எதிராளியின் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லாமல், முற்றுகையும் இல்லாமல், ஆட்டம் சமனாகிவிடும்.

"போச்சா?" என்பேன்.

"போச்சு. ஆனா எவ்ளோ அழகா இருந்துச்சு பாத்தியா!"

வருடக் கடைசியில் அந்தத் தளம் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிக்கை அனுப்பும். அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனோடு வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொள்வார். அன்று வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அறிக்கையை உரக்கப் படித்தார்.

"பலம்: நெருக்கடியில் நிதானம். திருத்திக்கொள்ள வேண்டியது: அவசரமான தொடக்கம், வென்ற ஆட்டத்தை முடிப்பதில் தாமதம்." ஃபோனை மடியில் வைத்தார். "இதைக் கண்டுபுடிக்கக் கம்ப்யூட்டர் எதுக்குங்கறேன்? என்னைக் கேட்டிருந்தா இருபது வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்திருப்பேனே. சமைச்சு முடிச்சு அரை மணி ஆயிருக்கும், அடுப்பைத் துடைச்சுக்கிட்டே இருப்பா. இங்க நான் பசில சுருண்டு கெடப்பேன்."

"பளபளன்னு இருந்தா உங்களுக்கு என்ன கசக்குதா?" என்றார் அக்கா. வேன் முழுக்கச் சிரிப்பு. மூன்றே பேர்தான்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, பிளாஸ்டரை ஓரம் வைத்துவிட்டு ஃபோனை எடுத்த அக்கா அப்படியே நின்றார். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. நேர்மை விதியை மீறியதாகச் சந்தேகமாம். யாரோ தோற்றவர் புகார் கொடுத்திருக்கிறார்: இந்தக் கடைவாய்ப்பல் சில சமயம் முப்பது நொடி சும்மா இருக்கிறது, பிறகு மிகச் சரியான நகர்த்தலைச் செய்கிறது, பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காப்பி அடிக்கிறது.

அந்த முப்பது நொடியில் அக்கா பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்குத் தெரியும். அந்தத் தளத்துக்கு எப்படித் தெரியும்?

"திருடின்னு சொல்லிட்டாங்க பாரு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று தேய்த்த பல் செட்டில் ஈறு பக்கம் ஒரு கீறல் விழுந்தது. பதினாறு வருடத்தில் அவர் கையால் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. முதலாளி அதைப் பார்த்தார். வேறொரு செட் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர்தான் தளத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். என்னிடமும் காட்டினார். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: 'என் மனைவி மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். வெயிலிலும்.' பதில் வர மூன்று வாரம் ஆகும் என்று தளம் சொன்னது. அந்த மூன்று வாரமும் பிளாஸ்டர் இறுகும் பத்து நிமிடத்தில் அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதைச் சகிக்க முடியாமல்தான் வீட்டுக்காரர் நூலக அரங்கில் நடக்கும் போட்டிக்கு அவரைக் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். சனியும் ஞாயிறும், ஆறு சுற்று, நாற்பது பேர்.

"நேர்ல ஆளைப் பாத்துக்கிட்டு எப்படிங்க ஆடறது?" என்று அக்கா பதறினார்.

"தெனம் என்னைப் பாத்துக்கிட்டே குடும்பம் நடத்தலியா?"

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்தது இரட்டைச் சடை போட்ட பள்ளி மாணவி, எட்டு வயது இருக்கும். ஃபோனில் ஒரு காயைத் தொட்டால் அது எங்கெல்லாம் போகலாம் என்று புள்ளிகள் தெரியும். பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிடலாம். எட்டு வருடமாக விரலுக்கு அதுதான் பழக்கம். நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தில் அக்கா ராஜாவின் தலையைத் தொட்டார். புள்ளி தெரியவில்லை. கையை எடுத்தார்.

"ஆன்ட்டி, தொட்டுட்டீங்க" என்றாள் அந்தப் பெண்.

நடுவர் வந்து குனிந்தார். "தொட்ட காயைத்தான் நகர்த்தணும்மா. அதுதான் விதி."

ராஜாவை நகர்த்தினார். அங்கிருந்து ஐந்தாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "முன்பல்லு ரெண்டும் இப்பதான் மொளைச்சிருக்கு. அதுகிட்ட தோத்துட்டு வரேன்" என்றார். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இரண்டாவது சுற்றிலிருந்து அக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முடிவெடுத்த பிறகுதான் கை வெளியே வரும். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்பது அவருக்குத் தலைகால் புரியாத செல்வம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் பத்து நகர்த்தலையும் முதன்முறையாக நிதானமாக யோசித்தார். இரண்டாம் சுற்று ஜெயித்தார், மூன்றாம் சுற்றும். நான்காவதில் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. வயதான தபால்காரர் ஒருவரிடம் வெறும் ராஜா மட்டும் மிச்சம். அக்காவிடம் ஒரு ராணி. பக்கத்திலிருந்த சிப்பாயையும் ராணியாக்கினார். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்கு நகர எடமே இல்லையேம்மா" என்றார். சமன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஐந்தாவது சுற்றை ஜெயித்தார். ஆறாவதில் எதிரே வந்தவர் மருந்துக்கடைக்காரர். அந்த அரங்கில் ஐந்து முறை கோப்பை வாங்கியவர், இந்த முறை ஒரே ஒரு ஆட்டம்தான் கோட்டை விட்டிருந்தார். உட்காரும் முன் அக்கா என் காதோடு சொன்னார்: "மேல் வரிசையில எடப்பக்கம் ரெண்டாவது பல்லு கட்டினது. நம்ம வேலை இல்ல. யாரோ அவசரத்துல பண்ணிருக்காங்க."

அவரும் வழக்கமான எதிராளிகள் மாதிரிதான். ராணியும் இரண்டு யானையும் கொண்டு ராஜாவின் வாசலில் வந்து நின்றார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்காவின் சிப்பாய் ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் எனக்கு அக்கா சொன்ன அந்த அண்ணன் நினைவுக்கு வந்தார். ஓரத்தைப் பார்த்தேன். சிப்பாய் ஒன்று ஆறாவது கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவர் அதைக் கவனித்தபோது புன்னகை ஒரு பக்கமாக நின்றுபோனது. ராணிகள் வெட்டுப்பட்டன. கடிகாரத்தில் அக்காவுக்கு மிச்சம் ஒன்றரை நிமிடம். குதிரையை மூன்று தாவலில் கொண்டுவந்து ராஜாவை மூலையில் அமுக்க ஒரு வழி இருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? அக்கா குதிரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொடைக்கு அடியிலிருந்து கை வந்தது. யானைக்கு யானையை வெட்டிக்கொண்டு, அடுத்த நகர்த்தலில் சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் தள்ளி ஒரு ராணி வாங்கினார். ஒன்றே ஒன்று. ஐந்து நகர்த்தலில் மருந்துக்கடைக்காரர் தன் ராஜாவைப் படுக்கவைத்தார்.

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் அவர்.

"வீட்லதான் சார். அண்ணன்கிட்ட."

பிறகு என் பக்கம் திரும்பி, "குதிரைல முடிச்சிருந்தா பாக்க அப்படி இருந்திருக்கும். கண்ணை இழுத்துப் புடிச்சுக்கிட்டேன்" என்றார்.

அக்காவுக்கு மூன்றாம் இடம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். பரிசளிப்புக்கு நாற்காலிகளை மேடை நோக்கித் திருப்பிப் போடும் சத்தம். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வாசலிலிருந்து, வரிசைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடிவந்தார். அரங்குக்குள் ஃபோன் கூடாதென்று அக்காவின் ஃபோன் அவர் பையில்தான் இருந்தது. தளத்திலிருந்து பதில் வந்துவிட்டது: எல்லா ஆட்டங்களையும் ஆராய்ந்தோம், தவறு எங்களுடையது, வருந்துகிறோம், கணக்கு திறக்கப்பட்டது. "தெறந்துட்டாங்க! வருத்தம் தெரிவிச்சிருக்காங்க, படி, படி!" என்று ஃபோனை நீட்டிக்கொண்டே வந்தார்.

அதே நொடி ஒலிபெருக்கி மூன்றாம் பரிசுக்கு அழைத்தது. கூட்டம் கைதட்டியபடி திரும்பிப் பார்த்தது.

மருந்துக்கடைக்காரர் இதற்குள் சும்மா இன்னொரு ஆட்டத்துக்குக் காய்களை மறுபடி அடுக்கிவிட்டிருந்தார். அக்கா ஏழாவது நகர்த்தலில் இருந்தார். பலகையிலிருந்து தலையைத் தூக்காமல், மேடைக்கும் வீட்டுக்காரருக்கும் பொதுவாக, ஐந்து விரலையும் விரித்து இடக்கையை உயர்த்திக் காட்டினார், கொஞ்சம் இருங்கள் என்று.