தெருவைப் பார்த்து நின்ற கோச்

ஆஹென் நகரத்து அகதி விடுதியில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு ஒரு கோச் இருந்தார். கோடை வெயிலிலும் தேவாலயத்தில் இலவசமாகக் கிடைத்த ஓவர்கோட்டோடுதான் நிற்பார். பந்தைப் பார்க்கவே மாட்டார், தெருவைத்தான் பார்ப்பார். மனுசனுக்கு விளையாட்டே தெரியாது என்று மாற்று ஆட்டக்காரர் வாங்கில் குந்தியிருந்து நான்தான் எல்லோருக்கும் விளக்குவேன். நான் வழக்கமாக விளையாடும் இடமே அந்த வாங்குதான்.

இறுதியாட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது ஐந்து நிமிடம் மிச்சம். எங்களுக்குக் கோல் அடிக்கிற ஒரே ஆள், அகதிகள் தங்கள் ஊர் எல்லை தாண்ட வாங்கவேண்டிய அனுமதிக் கடிதம் இல்லாமல் பான் நகரத்திலிருந்து வந்து விளையாடியவன். கோச் திடீரென்று அவனை வெளியே இழுத்து, ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? என்னால ஏலாது!"

"ஏலாதெண்டு தெரியும். போட்டுக்கொண்டு ஓடு."

ஓடினேன். கடைசி நிமிடத்தில் பந்து என் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

பெடியள் அவரைச் சுற்றி நின்று கத்தும்போதே, தெருவில் ஐந்து நிமிடமாக நின்ற காரிலிருந்து இரண்டு பொலிஸ்காரர் இறங்கி வந்தார்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், நேரே ஒன்பதாம் நம்பரிடம் பேப்பர் கேட்டார்கள். என் பேப்பர் சுத்தமான ஆஹென் பேப்பர். பான்காரன் அதற்குள் பஸ் ஏறிவிட்டான்.

அவர்கள் போனபிறகும் ஒருவன் விடவில்லை. "எண்டாலும் கோப்பையை விட்டிட்டியளே, அண்ணை!"

"ஓம், விட்டனான். நாளைக்கு விளையாடினாலும் விடுவன்."

பிறகு கோட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனா அந்தக் கோல் நான் சொல்லி அடிச்சதில்லை, தம்பி."