ஜோடி நிற்கும்போது எழுந்தவர்கள்

எங்கள் அண்ணன் இந்திய அணியைத் திட்டுவதைக் கேட்க வேண்டும். அதிலும் வெளிநாட்டு டூர் போய் நம் பையன்கள் வரிசையாக அடி வாங்கும் நாட்களில் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரனையும் சொந்தச் சித்தப்பா மகனைத் திட்டுகிற மாதிரிதான் திட்டுவான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வெளிய போற பந்தைத் தொடாதடான்னு. கேட்டானா அந்தப் பய?" என்பான், ஏதோ முந்தின நாள் அந்த ஆட்டக்காரன் எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவனிடம் யோசனை கேட்டுப் போனதுபோல. இனிமேல் கிரிக்கெட் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தியம் செய்வான். ஆஸ்திரேலியாவில் ஆட்டம் என்றால் மறுநாள் விடிவதற்குள் அவன் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறேன். கேட்ச்சைத் தவறவிட்டவன் எங்கோ இங்கிலாந்தில் இருந்தான், அடி வாங்கியது பேரையூரில் எங்கள் வீட்டுச் சுவர்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நம் ஜோடி நின்று ஆடும்போது யாரும் இடத்தை விட்டு எழக்கூடாது. படுத்திருப்பவர் படுத்தே இருக்க வேண்டும், கதவில் சாய்ந்து நிற்பவர் நின்றே ஆக வேண்டும். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வந்து, ஜோடி நின்றுவிட்டதால் அவளும் நிற்க, பால் பொங்கி அடுப்பே அணைந்துபோன கதையெல்லாம் உண்டு. எங்கள் வீடு என்றில்லை, தெருவில் பாதி வீடுகளில் இந்தச் சட்டம்தான். இதை நம்புகிறாயா என்று கேட்டால் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் எழ மாட்டேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மதுரையில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரருக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. பெண் பார்க்க வந்த அன்று ஏதோ ஒரு டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அண்ணனும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான், நான் காபி கொடுத்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டார். வேறு ஒருத்தியாக இருந்தால் கோபப்பட்டிருப்பாள். ஜோடி நிற்கிறது, மனிதன் திரும்பவில்லை, நம் வீட்டுக்கு ஏற்ற ஆள்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிந்ததே இல்லை. ஒரு விக்கெட் விழுந்தால் என் போனை எடுத்து அண்ணனுக்குப் போடுவார். அந்தப் பக்கம் அண்ணன் திட்டத் திட்ட, இவர் கேட்டுச் சிரித்து மனம் ஆறிப்போவார். இவருக்குச் சொந்தமாகத் திட்ட வராது. "ச்சே" என்பதோடு சரி.

கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் எங்கள் அப்பா தவறிவிட்டார். மாரடைப்பு. புது மாப்பிள்ளை வந்த நேரம் என்று ஒரு பேச்சு எழுமோ என்று இவர் உள்ளுக்குள் பயந்திருக்கிறார். எனக்கே அது வெகுநாள் கழித்துத்தான் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன்தான் அந்தப் பதினாறு நாளும் இவர் தோளிலேயே சாய்ந்து கிடந்தான்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், பிறகு நடந்தது வெறும் கிரிக்கெட் சண்டை இல்லை என்பது புரிய வேண்டும்.

தென்னாப்பிரிக்கா டூர் அது. நாங்கள் விடுமுறைக்குப் பேரையூர் போயிருந்தோம். அண்ணன், இவர், நான், பங்காளி வீட்டு ஆட்கள் சிலர் என்று வீடு நிறைய ஆள். வழக்கம்போல முதலில் இறங்கியவர்கள் எல்லாம் மளமளவென்று அவுட்டாகிப்போக, ஒரு ஜோடி மட்டும் உயிரைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு இலையில் சோறு காய்ந்தது, ஒருவரும் எழவில்லை. அப்போது வாசலில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் மகள் படியில் தடுக்கி விழுந்து வீறிட்டாள். அப்போது அவளுக்கு நடை பழகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இவர் எழுந்து ஓடினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் விக்கெட் விழுந்துவிட்டது. அதோடு நின்றதா என்றால் இல்லை, பின்னால் வந்தவர்களும் வந்த வழியே திரும்பினார்கள்.

அண்ணன் கொதித்துப்போய்விட்டான். "உக்காருங்கன்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன்ல மாப்ள! இது ராசியில்லாத காலு. இந்தக் காலு வீட்டுக்குள்ள வந்ததுல இருந்தே நமக்கு எறங்குமுகந்தேன்!"

அவன் மனதில் இருந்தது ஸ்கோர் மட்டும்தான். இதை நான் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். ஆனால் சுவரில் மாலை போட்ட அப்பா படம், கூடத்தில் பங்காளிகள், நடுவில் அந்தச் சொல். எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. சொன்ன பிறகு அண்ணனுக்கே முகம் வெளிறிவிட்டது. ஆனால் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் பிள்ளையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வாறியா, இருக்கியா?" என்று என்னைக் கேட்டார். நான் அவர் பின்னால் போனேன்.

அன்றோடு பேச்சு நின்றது. அண்ணனிடம் போனில் சண்டை போட்டேன். "ஆட்டம் பாக்கும்போது ஆயிரம் சொல்லுவோம் ஆத்தா, அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா எப்புடி?" என்றான். குரலில் தெம்பில்லை, ஆனாலும் இறங்கி வரவில்லை. இவரிடம் சொன்னால், "ராசியில்லாத காலை அந்த வாசல்ல எதுக்குக் கொண்டுபோயி வைக்கணும்?" என்பார். இரண்டு பேருமே நல்லவர்கள். அதுதான் தொல்லையே. ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் அவரை விட்டுத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மகளின் காதுகுத்து தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனையும் போனில் வரச் சொல்ல முடியாது. பிள்ளையைப் பெற்ற இரண்டு பேரும் நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை வைத்துக் கொடுத்து அழைக்க வேண்டும். என் மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாமன் மடியில்லாமக் குத்துறதுக்கு எதுக்குக் கோயிலு? பேன்சிக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் குத்திட்டு வந்துரு" என்பார். பிறந்த வீடு இல்லாதவளைப் போல என் பிள்ளைக்குக் காது குத்துவதா என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

இப்படியே ஆஸ்திரேலியா டூர் வந்துவிட்டது. அங்கேயும் அதே கதைதான். எதிரி அடிக்க வேண்டியதில்லை, நாமே போய் மட்டையை நீட்டி ஸ்லிப்பில் கொடுத்துவிட்டு வந்தோம். காலைக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து இவர் தனியாகப் பார்ப்பார். நான் கூட உட்கார்ந்து என்னால் ஆனமட்டும் திட்டுவேன். ஆனால் என் திட்டில் அவருக்கு மனம் ஆறவில்லை. ஒரு நாள் மொத்த அணியும் உணவு இடைவேளைக்குள் சுருண்டுவிட்டது. வெகுநேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்க அண்ணே இந்நேரம் என்ன சொல்லிக்கிட்டு இருப்பாரு?" என்றார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. ஒரு வருடத்தில் அவர் வாயிலிருந்து தானாக அண்ணன் பேச்சு வந்தது அன்றுதான்.

அது போதும் எனக்கு. அன்றே காலண்டரைப் பார்த்து நாள் குறித்தேன், மறுவாரமே பத்திரிகை அடித்து வந்தது. இவரையும் கூட வரச் சம்மதிக்க வைத்து, தாம்பாளத்தை எடுத்துத் துலக்கி வைத்தேன். அவசரத்தில் ஒரு தப்பு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் காலண்டரை மட்டும் பார்த்து நாள் குறிப்பதில்லை, டூர் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குறிப்போம். அழைக்கப் போவதற்கு நான் பார்த்த நல்ல நாள், அடுத்த டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். தெரிந்தபோது மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். மாற்றினால் இவர் மனமும் மாறிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பைக்கில் ரிங் ரோட்டைப் பிடித்துக் கப்பலூர் போனோம். அண்ணனுக்கு அங்கே பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்ன கம்பெனி, பகலில் அங்கேதான் இருப்பான். தாம்பாளத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் இறுக்கிக்கொண்டேன். இவர் ஒவ்வொரு சிக்னலிலும் போனை எடுத்து ஸ்கோர் பார்த்தார். ஜெயிக்கிற பேச்சே இல்லை, சாயங்காலம்வரை நின்றால் டிரா, அவ்வளவுதான். அவர்கள் ஊர்ச் சாயங்காலம் என்றால் நமக்கு மதியம். எட்டு விக்கெட் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே பேட்ஸ்மேனும் ஒரு பந்துவீச்சாளனும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்குள் மெஷின் சத்தம் இல்லை. ஆட்கள் எல்லாரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன், இரண்டு கையையும் கோத்துத் தாடைக்கு முட்டுக் கொடுத்தபடி. இவர் வாசலில் நின்றார். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார், இன்னொன்று காலில் இருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டான். கண் எங்களிடம் வந்தது, டிவிக்குப் போனது, மறுபடியும் எங்களிடம் வந்தது.

கோபித்துப் போன மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் எழுந்து வந்து கையைப் பிடித்து அழைக்க வேண்டும். உட்கார்ந்தபடி 'வாங்க' என்றால் அது அவமானத்துக்கு மேல் அவமானம். அண்ணனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஜோடி நிற்கிறது. என் இரண்டு ஆண்களையும் எனக்குத் தெரியும். அண்ணன் எழ மாட்டான், இவர் அழைப்பில்லாமல் உள்ளே வர மாட்டார். இவர் கழற்றிய செருப்புக்குள் மறுபடி காலை நுழைத்தார். தாம்பாளத்தை அந்த டிவி மேலேயே வீசிவிடலாம் என்று எனக்கு வந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்துவிட்டான்.

"அண்ணே, எந்திரிக்காதீக அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நேராக வாசலுக்கு வந்து இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "வாங்க மாப்ள. உள்ள வாங்க."

அவன் பின்னால் ஐயோ என்று ஒரு சத்தம். விக்கெட். அண்ணனின் கண் ஒரு முறை இறுக மூடித் திறந்தது. ஆனால் அவன் திரும்பவில்லை, கையையும் விடவில்லை. அடுத்து வந்தவனும் சீக்கிரமே ஸ்டம்ப்பைப் பறிகொடுத்தான். ஆட்டம் முடிந்தது.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். மெஷின் ஓட்டுகிற ஓர் ஆள், "முதலாளி மட்டும் எந்திரிக்காம இருந்திருந்தா டிராத்தேன்" என்று முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. இவர் மனது வைத்தால், ஒரு வருடமாக உள்ளே கிடந்த அந்தச் சொல்லை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இவர் அந்த ஆளைப் பார்த்துத்தான் பேசினார். "என்னண்ணே பேசுறீங்க? இவரு இங்க எந்திரிச்சதுக்கும், அவன் அங்க வெளிய போற பந்தைத் தொட்டதுக்கும் என்ன சம்பந்தம்?"

இந்த ஒரு வார்த்தையை யாராவது தனக்காகச் சொல்ல மாட்டார்களா என்றுதான் என் வீட்டுக்காரர் ஒரு வருடம் காத்திருந்தார். கடைசியில் அதை அவரே, அடுத்தவருக்காகச் சொல்லும்படி ஆனது.

அண்ணன் பிடித்த கையை இன்னும் இறுக்கினான். "அன்னைக்கு இதை நான் சொல்லியிருக்கணும் மாப்ள. பிள்ளை விழுந்துச்சு, நீங்க தூக்க ஓடுனீக. அம்புட்டுத்தேன். நாந்தேன் வாய்க்கு வந்ததைப் பேசிப்புட்டேன்."

"விடுங்க மச்சான். தட்டை வாங்குங்க."

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குனிந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தக் கம்பெனி நடுவில், மூடி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, விக்கி விக்கி அழுதேன்.

பேக்கிங் பார்க்கிற அக்கா ஒருத்தர் ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "அழுகாத தாயி. இவிங்க எப்பயுமே இப்பிடித்தேன், கடைசில கவுத்துருவாய்ங்க. அடுத்த மேட்ச்சுல செயிச்சிருவாய்ங்க, பாரு."

நான் அழுதுகொண்டே, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.