எல்லோருடைய இரண்டாம் எண்

அயர்லாந்தின் லீட்ரிம் மலையோரத்தில் டெல்லா கில்ராயைப் பிடிக்காதவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அவளைத் தோற்கடித்தது அதுதான் என்று அவள் தம்பி மாலக்கி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

டெல்லாவிடம் ஒரு கடை வண்டி இருந்தது. ரொட்டி, தேயிலை, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீடுவீடாகப் போவாள். காசில்லாதவர்களிடம் முட்டையை வாங்கிக்கொள்வாள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் இரண்டு வாளிகள் அவள் கண்ணில் படும். கிணறு எங்கோ வயலுக்கு அப்பால் இருக்கும், தண்ணீர் சுமப்பது பெண்கள்தான். ஒரு தை மாதக் காலையில், எட்டு மாதக் கர்ப்பிணியான கேட் மக்மாரோ உறைந்த பாதையில் வாளியோடு வழுக்கி விழுந்தாள். அவளை வண்டியில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவள் டெல்லா. குழந்தை தங்கவில்லை. 1967 கோடையில் மாவட்ட நிர்வாகத்துக்கான கவுண்டி கவுன்சில் தேர்தல் வந்தபோது, குழாய்த் தண்ணீர் கேட்டு டெல்லா சுயேச்சையாக நின்றாள்.

ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் நல்ல வரவேற்பு.

"உனக்கு இல்லாமலா டெல்லா! ரெண்டாம் நம்பர் உனக்குத்தான் பொண்ணே."

"அப்போ ஒண்ணு?"

"அது டோலனுக்கு. எங்கப்பா காலத்துலேருந்து அந்தக் கட்சிதானே. உனக்கென்ன, நீ எப்படியும் ஜெயிச்சிடுவே."

திரும்பி வரும்போது வண்டிக்குள் மாலக்கி புலம்புவான். "எல்லாரும் ரெண்டு ரெண்டுன்னா ஒண்ணு போட யாரு இருக்கா? கழுதையைத்தான் கூட்டிக்கிட்டு வரணும்."

"வா, கேட்டுப் பாப்போம். அதுவும் டோலன் கட்சியா இருந்துடப் போவுது" என்பாள் டெல்லா.

எங்கள் ஓட்டுச் சீட்டில் பெருக்கல் குறி கிடையாது. பிடித்தவர்களின் பெயருக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் எழுதவேண்டும். ஒரே பகுதியிலிருந்து பல பேர் தேர்வாவார்கள். முதலில் ஒன்றுகளை மட்டும் எண்ணுவார்கள். ஆகக் குறைவாக வாங்கியவர் விலக்கப்படுவார். ஆனால் அவருடைய சீட்டுகளைக் குப்பையில் போடுவதில்லை, ஒவ்வொன்றிலும் இரண்டு யாருக்கோ அவரிடம் அந்தச் சீட்டு போய்ச் சேரும். அதனால் எல்லோருக்கும் இரண்டாவதாக இருப்பவர் கொஞ்சநேரம் தாக்குப்பிடித்தால் போதும், பிறகு மளமளவென்று ஏறிவிடுவார். அந்தக் கொஞ்சநேரத்துக்கு வேண்டியது ஒன்றுகள். டெல்லாவுக்கு இல்லாமல் போனது அதுதான்.

ஓட்டு எண்ணிய அன்று கோர்ட்டுக் கூடத்தின் தடுப்புக் கட்டையில் சாய்ந்துகொண்டு மாலக்கி சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். விரித்த சீட்டிலெல்லாம் அக்காவின் பெயருக்கு நேரே கழுத்தை வளைத்துக்கொண்டு ஓர் இரண்டு.

"ஏரி முழுக்க அன்னமா மிதக்குது டெல்லா. ஒரு குச்சி நட்டு வெச்சிருக்காங்களான்னு தேடிக்கிட்டிருக்கேன்."

முதல் சுற்றிலேயே அவள் விலக்கப்பட்டாள். அந்த அன்னங்களை யாரும் எண்ணவே இல்லை. அவளுக்கு ஒன்று போட்டிருந்த கொஞ்சம் சீட்டுகளை மறுபடி பிரித்தார்கள். அதில் பெரும்பாலானவை ஃபின்டன் மல்வியிடம் போயின. அவன் பால் பண்ணையில் வேலை பார்த்த இளைஞன், அவனும் தண்ணீர்க் குழாய் பற்றித்தான் பேசியிருந்தான். குழாய் வந்தால் வரி ஏறும் என்று பயமுறுத்திய டோலனின் கூட்டாளியைப் பின்னுக்குத் தள்ளி, கவுன்சிலில் மிச்சமிருந்த கடைசி இடத்தை ஃபின்டன் பிடித்தான். டெல்லா கைதட்டினாள். மாலக்கிக்குக் கை எழவில்லை.

மறுவருடம் அரசாங்கம் நாட்டு மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது: இந்த எண்களெல்லாம் எதற்கு, ஒருவருக்கு மட்டும் போடும் ஒரே பெருக்கல் குறியாக வைத்துக்கொள்ளலாமா? வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஹ்யூபர்ட் டோலன் டெல்லா வீட்டு அடுப்படியில் வந்து தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நடந்தது அநியாயம் மிஸ் கில்ராய். ஊரே உங்களை விரும்புது, இந்தக் கணக்கு வித்தை உங்களை வெளிய தள்ளிடுச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நாலு வார்த்தை பேசுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"எனக்கு ரெண்டாவது போட்டீங்களா மிஸ்டர் டோலன்?"

அவர் முகம் மலர்ந்தது. "போடாம இருப்பேனா?"

அவர் போன பிறகு மாலக்கி சொன்னான்: "பேசு டெல்லா. அந்தாளுக்காக இல்ல. உன்னைக் கவுத்த முறையை நீ கவுத்துவிடு."

"பாக்கலாம்" என்றாள் டெல்லா. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை அவள் உரித்த வேகத்தைப் பார்த்தபோது, பேசத்தான் போகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது.

அந்த வாரம் கேட் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கேட்டின் இடுப்பில் புதுக் குழந்தை. பேசிக்கொண்டே கெட்டிலைக் குழாயடியில் வைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் திருகினாள். ஃபின்டன் கவுன்சிலில் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்த தண்ணீர்.

"ஃபின்டனுக்கு நான் ஒண்ணு போடலை டெல்லா, ரெண்டுதான். ஒண்ணு உனக்குத்தான் போட்டேன். நீ தோத்ததும், என் ஓட்டு வீணாப் போச்சேன்னு அன்னிக்கு அழுதேன்."

டெல்லா கெட்டிலையே பார்த்தாள். நிரம்பி வழிந்தது. "எங்க வீணாச்சு? இதோ கொட்டுதே. குழாயை மூடுடி."

ஞாயிற்றுக்கிழமை அவள் கடை வண்டியின் படியில் ஏறி நின்றாள். டோலன் முன்வரிசையில் இருந்தார்.

"நான் தோத்தேன். எனக்கு ஒண்ணு போட்டவங்க தோக்கலை. அவங்க ஓட்டு எழுந்து நடந்து ஃபின்டன்கிட்ட போச்சு. ஒரே பெருக்கல் குறின்னா என்ன ஆகியிருக்கும்? தண்ணி வேணுங்கிறவங்க ஓட்டு எனக்குப் பாதி, அவனுக்குப் பாதின்னு உடைஞ்சிருக்கும். வேணாங்கிறவர் நடுவுல புகுந்து போயிருப்பாரு. அப்புறம் அடுத்த தடவை உங்களுக்குப் பிடிச்சவருக்குப் போடவே பயப்படுவீங்க, ஜெயிக்கிற குதிரை எதுன்னுதான் பாப்பீங்க. நம்பர் மேல தப்பு இல்ல. 'அவளுக்கென்ன, எப்படியும் ஜெயிச்சிடுவா'ன்னு ரெண்டு போட்டீங்களே, அந்தக் கை மேல தப்பு."

சிரிப்பு எழுந்தது. டோலன் தொப்பியை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்: "அடுத்த தடவை ஒண்ணு உனக்குத்தான் டெல்லா!"

"உன் தலை மேல சத்தியமா?"

"என் பொண்டாட்டி தலை மேல!"

நாடு எண்களை வைத்துக்கொண்டது. ஆனால் அடுத்த கவுன்சில் தேர்தல் வரவேண்டிய வருடத்தில் வரவில்லை, தள்ளிவைத்துவிட்டார்கள். டெல்லா வண்டிக்குப் புது டயர் போட்டு வைத்துக் காத்திருந்தாள். மறுபடி தள்ளிவைத்தார்கள். 1973 குளிர்காலத்தில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

உடலை வீட்டில் வைத்திருந்த இரவு, ஆண்கள் வரிசையாக வந்து மாலக்கியின் கையைக் குலுக்கினார்கள். "இந்தத் தடவை ஒண்ணு போடணும்னுதான் இருந்தேன் மாலக்கி" என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. நடுவில் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். அங்கே இன்னும் சோப்பு வாசனை இருந்தது.

1974 கோடையில் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்துச் சாவடியில் நூலில் கட்டிய பென்சிலை எடுத்து மாலக்கி ஃபின்டனுக்கு ஒன்று போட்டான். இரண்டு போடப் பெயர்களைத் தேடினான். நல்லவர்கள் இருந்தார்கள். ஒன்றோடு நிறுத்தினால் சீட்டு அங்கேயே நின்றுபோகும் என்பதும், டெல்லா இருந்தால் திட்டியிருப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தும் அந்த எண்ணை வேறு யாருக்கும் எழுத மனம் வரவில்லை.

சீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டான்.