கோழிக்கிறுக்கலுக்கு வந்த ஞானோதயம்

இந்தக் கோடையில் எங்கள் மாரெட்பள்ளி வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. என் மகன் கார்த்திக், லீவு நாளில், யாரும் அதட்டாமல், தானாக உட்கார்ந்து கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தான்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நீங்கள் அவன் கையெழுத்தைப் பார்த்ததில்லை. அசல் கோழிக்கிறுக்கல். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். இன்டர், அதாவது இங்கத்திய பிளஸ் ஒன், வந்த பிறகும் இந்த ஊர் உருதுவில் ஒரே பதில்தான் – "நக்கோ மா!" வேண்டாமாம்!

"என்னடா திடீர்னு?"

"ஸ்ரவந்தி அக்காவுக்கு எக்ஸாம் எழுதப் போறேன் மா."

பயந்துவிட்டேன். ஆள்மாறாட்டமா? அப்புறம்தான் விவரமாகச் சொன்னான். ஸ்ரவந்தி இங்கே பக்கத்தில் குஷாய்குடா பெண், பார்வை இல்லாதவர். டிகிரியில் ஹிஸ்டரி ஒன்றுதான் பாக்கி. அது பாஸானால்தான் பி.எட். சேர முடியும். அவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் தேடியிருக்கிறார்கள். இவன் தலையாட்டிவிட்டான்.

என் பயம் குறையவில்லை... கூடியது. இவன் கையெழுத்தை நம்பியா ஒரு பெண்ணின் படிப்பு?

"சர்டிஃபிகேட் ஏதாவது தருவாங்களாடா?"

"தெரியாது மா. கேக்கல."

"அப்புறம் எதுக்கு இப்படி மாய்ஞ்சு மாய்ஞ்சு எழுதறே?"

"என் பேப்பர்ல கிறுக்கினா என் மார்க் போகும். போனா போகுது. இது அக்கா மார்க் மா!"

பிள்ளைகளைச் சேவைக்கு இழுக்க என்னென்னவோ ஆசை காட்டுகிறோம் – சர்டிஃபிகேட், டி-ஷர்ட், ரெஸ்யூமில் ஒரு வரி... "நீ வந்தால்தான் நடக்கும்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? வீட்டில் நாம் ஓதுவதெல்லாம் "உன் நல்லதுக்குத்தான்டா". தங்கள் நல்லது அவர்களுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது!

பரீட்சை நல்லபடியாக எழுதி முடித்தான்; போன வாரம் ரிசல்ட். காலையிலிருந்து பையன் சாப்பிடவில்லை. போனை எடுத்ததும் அந்தப் பக்கம் தம்பியைக் கூப்பிட்டு ஸ்ரவந்தியின் தெலுங்குக் கூச்சல் – "தம்முடு, பாஸ்! பாஸ்!" கார்த்திக் சோபாவில் ஏறிக் குதித்தான். தன் சொந்த ரிசல்ட்டுக்குக்கூட அவன் இப்படிக் குதித்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்... வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் பாக்கெட்டோடு ஸ்ரவந்தி வீட்டுக்கு வந்தார். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

"நானும் யாருக்காவது எழுத வரட்டுமா? என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன்.

"என்ன படிச்சிருக்கீங்க ஆன்ட்டி?"

"எம்.ஏ.!" – பெருமையாகத்தான் சொன்னேன்.

ஸ்ரவந்தி சிரித்துவிட்டார். "அப்போ கஷ்டம் ஆன்ட்டி. டிகிரிக்காரங்களுக்கு எழுத வர்றவங்க, அவங்களைவிடக் கம்மியா படிச்சிருக்கணும். அதுதான் ரூல்."

படித்துத் தொலைத்ததற்காக நான் வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை!