சிப்பிமேட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் சொன்ன பொய்

இன்று எங்கள் தீவில், டாலிகஞ்ச் மளிகைக் கடைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், என் வீட்டுக்காரர் ஐம்பது வருடத்துக்கு முன் சொன்ன பொய் ஒன்று வெளியே வந்தது.

எழுபதுகளில் அவர் அரசாங்க லாஞ்சுப் படகில் எஞ்சின் டிரைவர். மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்களோடு, பாராடாங் தீவுப் பக்கம் ஆதிகுடிகள் தின்று போட்ட சிப்பிகள் குவிந்த பழங்காலத்துச் சிப்பிமேடுகளைப் பார்க்க ஒரு வாரம் போனார்.

பயணிகள் பட்டியலை ஆபீசில் டைப் அடித்தவள் நான். என் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். "லேடீஸுக்கு இடமில்லை" என்றார்கள். அதே பட்டியலில் மெயின்லேண்ட் புரொபசரம்மா ஒருவரின் பெயரை நானே அடித்தேன்.

திரும்பி வந்தவர், "வெறும் சிப்பிக் குப்பை. பார்க்க ஒண்ணுமில்ல" என்றார். அதைக் கேட்டுத்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கியது.

இன்று, சின்னக் கப்பலில் தீவுகளைச் சுற்ற வந்த சென்னை ஜோடி ஒன்று கடையில் அதே மேட்டைப் பற்றி விசாரித்தது.

இவர் கைகளை விரித்தார். "ஏக்தம் வீடு உசரம் தம்பி! வெயில் பட்டா மின்னும். தோண்டத் தோண்டப் பானை ஓடு. ஒண்ணைக் கையில வாங்கினேன், ஓரத்துல கோடு கோடா கீறியிருந்துச்சு. உடம்பே சிலிர்த்துப்போச்சு."

"ஏங்க, எங்கிட்ட குப்பைன்னீங்களே?"

என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் கிளம்பறப்ப படகு ஜெட்டியில அழுதுட்டு நின்ன. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

நல்ல மனுஷன்தான். ஆனாலும் சாமான் பையை அவர் கையில் திணித்துவிட்டு, அந்தச் சென்னைப் பெண் பக்கம் திரும்பினேன்.

அந்தப் பெண்ணிடம் கப்பல் ஏஜெண்ட் நம்பரை வாங்கிவிட்டேன். நாளை காலை கூப்பிடப்போகிறேன். ஒரு சீட்டு கேட்கட்டுமா, இரண்டா?