படுத்தால் தொண்ணூற்றைந்து

மூச்சு வாங்குகிறவன் படுக்கக்கூடாது என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். படுத்தால் நெஞ்சு அடைத்துவிடுமாம். கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிராணியாக இருந்து கணக்கெழுதியவன் நான். அப்படித் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைக்கப்பட்ட பதினோரு பேரைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவதாக என்னை உட்கார வைத்தார்கள்.

பத்து எட்டு நடந்தால் கண் இருட்டியது. உதடு நீலம் பாய்ந்தது. மனைவி மருந்துக்கடையில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வாங்கி வந்தாள். தொண்ணூற்றைந்துக்குக் குறையக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எண்பத்து நாலு.

பக்கத்து வீட்டுக்காரர் பழைய மண்டோர், பால்வெட்டு ஆட்களை மேய்த்தவர். தினமும் ஒரு காரணத்தோடு வருவார்.

"எல்லாம் ரப்பர் காயப்போட்ட புகைக்கொட்டாய்ப் புகைலா, கிராணி."

"நான் இருந்தது ஆபீசில்."

"அப்ப ரத்தம் இல்ல. ஆட்டு ஈரல் தின்னுங்க."

ஒரு வாரம் ஈரல் தின்றேன். எண்பத்து நாலு அசையவில்லை.

ஒரு மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கடுத்தது. நடப்பது நடக்கட்டும் என்று தலையணை கூட இல்லாமல் தரையில் மல்லாந்தேன். நெஞ்சு லேசானது. கருவியை மாட்டினேன். தொண்ணூற்றைந்து. எழுந்து உட்கார்ந்தேன், எண்பத்து நாலுக்கு இறங்கியது. ஆறு தடவை செய்து பார்த்தேன், ஆறு தடவையும் அப்படியே. ஆறாவது தடவை படுத்துக் கண்ணை மூடியிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள். காய்கறிப் பை கீழே விழுந்தது.

"என்னங்க! ஏங்க படுத்துட்டீங்க?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எதை?"

"மூச்சை."

அன்று முழுக்க அழுதாள். மறுநாள் மண்டோர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் என் பேத்தி வயதுப் பெண். நெஞ்சுப் படம் சுத்தம். ரத்தத்திலும் குறையில்லை.

"எத்தனை வருஷமா சிகரெட், அங்கிள்?"

"ஒன்றுகூடக் குடித்ததில்லை."

அவர் என் மனைவி முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அதுவே எனக்குக் கோபம். படத்தில் தெரியாத நுரையீரல் கோளாறாக இருக்கலாம், இனி வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூக்கில் குழாயோடு சாகும்வரை நாற்காலியில். படுத்தால் ஏறுகிறது என்று சொன்னேன்.

"எல்லாருக்கும் படுத்தாதான் குறையும், அங்கிள். கருவி தப்பா காட்டுதுலா."

"அப்படியென்றால் கருவியை விடுங்கள். நாடியில் ரத்தம் எடுங்கள். உட்கார்ந்து ஒன்று, படுத்து ஒன்று."

"ரெண்டு தடவை குத்தணும். ரொம்ப வலிக்கும்."

"குத்துங்கள்."

நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. திரைக்கு அப்பாலிருந்து மண்டோர் குரல் வந்தது: "குத்திடுங்க டாக்டரம்மா. பால் நிறுக்கயில கால் கிலோவுக்கு என்கூட மூணு நாள் மல்லுக்கட்டின ஆளு. விட மாட்டாரு."

குத்தினார். வலித்தது. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எழுந்து பெரிய மருத்துவருக்குப் போன் செய்தார்.

பிறகு சிரம்பானில் இருதயத்தை ஸ்கேன் செய்தார்கள். மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கதவு. கருவில் எல்லோருக்கும் திறந்திருப்பது, பிறந்ததும் ஒட்டிக்கொள்ள வேண்டியது. என்னுடையது ஒட்டவே இல்லை. வயதில் முதுகு வளைந்து, பெரிய ரத்தக்குழாயும் புடைத்துவிட்டதால், நிமிர்ந்தால் அந்தக் கதவு இழுபட்டுத் திறக்கிறது. நுரையீரலுக்குப் போகாத கெட்ட ரத்தம் குறுக்கு வழியில் நல்ல ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. அந்த ரத்தம் காற்றுப் பக்கமே போவதில்லை. மூக்கில் எத்தனை குழாய் செருகினாலும் அதற்குப் பெரிதாக உதவாது. தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்னக் குடைபோல ஒன்றை அனுப்பிக் கதவை அடைத்துவிடலாம் என்றார்கள். இளம் மருத்துவர் தானாகவே வந்து, "நீங்க சொன்னது சரி, அங்கிள்" என்றார். நல்ல பெண்.

கதவை அடைக்கக் கோலாலம்பூருக்குப் புறப்பட்ட காலையில் கார் பின்சீட்டில் நீளப் படுத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். "ஐயோ, படுக்கப் போட்டுல்ல கொண்டு போறாங்க" என்று யாரோ விசும்பினார்கள். மண்டோர் ஜன்னலில் குனிந்தார்.

"ஒரு நிமிசம் எழுந்து உக்காந்து மூஞ்சியக் காட்டுங்க, கிராணி. சனங்க பயப்படுது."

கண்ணாடியை இறக்கச் சொல்லி, படுத்தபடியே கையை வெளியே நீட்டி ஆட்டினேன். உட்காரவில்லை.